கம்பளிக்குள் ஒரு கிடார்

சலவைக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. ஈரப் படுக்கைவிரிப்புகளை இழுத்து உலர்த்தி, தேய்த்து, மறுபக்கம் தள்ளும் பெரிய உருளை ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவளின் இருமல்கூடக் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் கையால் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் 'குறை, மெதுவாக விடு' என்று அர்த்தம். காதுமடலைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். மூக்கைச் சுருக்கிக் கட்டைவிரலைப் பின்னால் காட்டினால் மேஸ்திரியைப் பற்றிய ஒரு நகைச்சுவை. அதை எழுத முடியாது.

அவள் அங்கே சேர்ந்த முதல் வாரமே மூத்தவள் ஒருத்தி ஒரு சுருள் பஞ்சைக் கையில் கொடுத்து, காதைக் காட்டினாள். அன்றிலிருந்து உருளைக்கு முன்னால் பஞ்சு இல்லாமல் அவள் நின்றதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சில நாள் எடுக்க மறந்துவிடுவாள். அவள் கணவர் பார்த்துச் சிரிப்பார்.

"வந்துட்டா பாரு, பஞ்சுக்காரி."

அவர் கிடார் வாசிப்பவர். ஒரு காலத்தில் பெரிய வாத்தியக் குழுவில் இருந்தார். டிரம்ஸ்காரனுக்குப் பக்கத்தில்தான் அவர் இடம். அவருடைய இடது தோளுக்கு எட்டும் தூரத்தில் அந்தப் பித்தளைத் தாளத்தட்டு தொங்கும். குழு கலையும்வரை அங்கேயேதான் நின்றார். காதில் ஏதாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வாசிக்கிறதும் கையுறை போட்டுக்கிட்டுச் சாப்பிடறதும் ஒண்ணு" என்றார். குழுவில் யாருடைய கம்பி சுருதி இறங்கியிருந்தாலும் முதலில் திரும்பிப் பார்ப்பவர் அவர். அந்தக் காதின் மேல் அவருக்கு இருந்த பெருமை மனைவியின் மேல்கூட இருந்ததில்லை என்று அவள் தம்பி கிண்டல் செய்வான்.

குழு போன பிறகு ஆற்றங்கரையில் ஒரு மாடி உணவகத்தில் தனியாக வாசித்தார். கண்ணாடிச் சுவர், மங்கிய விளக்கு, மெல்லப் பேசிக்கொண்டு சாப்பிடும் ஆட்கள். சம்பளம் வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது. அவள் சம்பளத்தில் மற்றதெல்லாம் நடந்தது.

அன்று மாலை அவள் படியேறி வந்தபோது கிடார் உறையோடு சுவரில் சாய்ந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே டயர்க் கடையில் ரப்பர் சூடாகும் நாற்றம் அறைக்குள் நிறைந்திருந்தது.

"என்னங்க, இன்னிக்குப் போகலையா?"

பதில் இல்லை. அவளுக்குப் பழக்கம்தான். பையை வைத்தாள், முகம் கழுவினாள், அடுப்பில் தண்ணீர் வைத்தாள். எதிரில் வந்து நின்று மறுபடி கேட்டாள்.

"புது மேனேஜர் வந்திருக்கான்" என்றார். "கூரையில மாட்டியிருந்த ஸ்பீக்கரெல்லாம் கழட்டிட்டானுங்க. ஏதோ ரிப்பேர் வேலையாம். இனிமே வாசிக்கிறவன் சொந்தமா ஸ்பீக்கர் கொண்டு வரணுமாம்."

"கொண்டு வரலைன்னா?"

"கொண்டு வர்றவன் ஒருத்தன் ரெடியா இருக்கான். பொட்டி, ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் வச்சிருக்கானாம். வாசிப்பு எப்படின்னு மேனேஜரைக் கேட்டேன். 'சொந்தமா எல்லாம் வச்சிருக்கார் சார்'ங்கறான். வாசிப்பைக் கேட்டா பொட்டியைச் சொல்றான்."

அவள் தேநீரை அவர் கையில் கொடுத்தாள். வாஷிங் மெஷின் வாங்க என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த பணம் அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் தேநீரை வெகுநேரம் குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேட்காமையின் கனம் அவளுக்குத் தெரியும். எழுந்து போய் எடுத்து வந்து கட்டிலின் மேல் வைத்தாள்.

விடுமுறை நாளில் தம்பி வந்தான். இப்போது வேன் ஓட்டுகிறான். அதற்கு முன்னால் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் வேலை செய்தவன். விஷயத்தைக் கேட்டதும் ரொட்டியைக் குழம்பில் நனைத்தபடியே பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"மாமா, ஒண்ணு சொல்றேன். பொட்டி மேல ஆயிரம் வாட்ஸ், ரெண்டாயிரம் வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். அதை நம்பினீங்க, காதுல பூதான். நீங்க வாசிக்கிறது மைதானத்துல இல்ல. பத்துப் பன்னெண்டு டேபிள். எட்டு இஞ்சுப் பொட்டி போதும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற பவர்டு ஸ்பீக்கர். கரண்டுல சொருகு, கிடாரைச் சொருகு, வாசி, முடிஞ்சது."

"ரெண்டு வேண்டாமா? ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு ஓட்டைப் பொட்டி வாங்கறதுக்கு ஒரு நல்ல பொட்டி வாங்கலாம். உங்க கிட்ட கிடார் ஒண்ணுதானே இருக்கு? இன்னொண்ணு. கிடார் ஒயரை எந்த ஓட்டையில வேணும்னாலும் குத்த முடியாது. சில பொட்டியில குத்தினா தகர டப்பாவைத் தட்டற மாதிரி வரும். கிடாருக்குன்னே ஒரு ஓட்டை இருக்கணும். இல்லைன்னா நடுவுல வைக்க ஒரு சின்ன டப்பா வாங்கணும். அது வேற செலவு. வாங்கறதுக்கு முன்னாடி பொட்டியோட வர்ற காகிதத்தைப் படிக்கணும், அதுல..."

"டேய் மாப்ளே, நீ பொட்டி தூக்கினவன்" என்றார் அவர். "நான் அது முன்னாடி நின்னு வாசிச்சவன். காகிதத்தைப் படிச்சு வாங்க இது என்ன மருந்தா? காதை வச்சு வாங்கணும்."

"தூக்கினவனுக்குத்தான் மாமா இடுப்பு வலி. எட்டு இஞ்சு தூக்கக் கனம் கம்மி."

அவர் சிரித்தார். கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடது கையை மேலும் கீழும் ஓடவிட்டார். "இதைக் கேளு. முன்னெல்லாம் கை நகரும்போது கம்பியில விரல் உரசற சத்தம் கிறீச்சுன்னு வரும். எல்லாருக்கும் வரும். இப்ப எனக்கு வர்றதே இல்ல. கவனிச்சியா? இத்தனை வருஷ சாதகம்டா."

தம்பி ரொட்டியை மென்றுகொண்டே அக்காவைத் தேடினான். அவள் அப்போது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். அவன் வாயிலிருந்ததை முழுங்கினான்.

அவர்கள் போன ஸ்பீக்கர் கடைக்காரருக்கு எக்கோ, அதாவது எதிரொலி, என்று பெயர் வைத்திருந்தார்கள். எதையும் ஒருமுறை சொல்லி நிறுத்தத் தெரியாதவர். நீளமான இருட்டுக் கடை. இரண்டு பக்கமும் கறுப்புப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"வாங்க வாங்க. கிடாருக்கா? கிடாருக்கா. எல்லாம் இருக்கு, எல்லாம் இருக்கு."

"அண்ணே, விலையை மட்டும் ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றான் தம்பி.

கையிலிருந்த பணத்துக்கு மூன்றுதான் தேறின. ஒன்று, தம்பி சொன்ன எட்டு அங்குலப் பெட்டி. கொண்டு வந்த பணம் முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டாவது, ஒரு ஜோடி பிளாஸ்டிக் பெட்டிகள். சொருகியதும் முன்பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. "இதை வச்சா டேபிளுக்கு டேபிள் மெழுகுவர்த்தி மிச்சம்" என்று தம்பி அதைக் கால்விரலால் ஓரமாக நகர்த்தினான். மூன்றாவது, ஏதோ அறிவிப்பு செய்யும் கூடத்தில் பல காலம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த பன்னிரண்டு அங்குலப் பெட்டி. மூலைகள் தேய்ந்திருந்தன. பெரிதாக இருந்தாலும் விலை குறைவு.

முதலில் எட்டு அங்குலத்தை வாசித்துப் பார்த்தார். கிடாரே நடந்து கிட்டத்தில் வந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. விரல் கம்பியில் நகர்வதும், நகம் படுவதும், மரம் அதிர்வதும். கண்ணை மூடிக்கொண்டால் அவர் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல.

அவர் முகம் சுளித்தார்.

"என்னப்பா இது? கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு."

பின்னால் கைவிட்டு, கீச்சு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை முழுவதும் வலப்பக்கம் திருகினார். மறுபடி வாசித்தார். தலையை ஆட்டினார். "ம்ஹூம். திறக்கவே மாட்டேங்குது."

பன்னிரண்டு அங்குலத்தைச் சொருகினார்கள். அவர் கம்பியைத் தொடுவதற்கு முன்பே பெட்டியிலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. மெல்லிய, விடாத இரைச்சல். உருளையின் வால்வில் ஆவி கசிவது போல. பிறகு அவர் வாசித்தார். தகரத்தில் நகத்தை வைத்து இழுப்பது போல அவளுக்குப் பல் கூசியது. கல்லாவில் ஆணிகளை எண்ணிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த பெண் சட்டென்று தலையைச் சாய்த்துக் காதைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

அவர் கண்களை மூடியிருந்தார். முகத்தில் என்றோ பார்த்த ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"இதுதான். இதுதான்டா மாப்ளே. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா நிக்குது பாரு."

"மாமா, இது இரையுது."

"எது?"

"பொட்டி. நீங்க வாசிக்காதப்பவே ஸ்ஸ்ஸுன்னு."

அவர் குனிந்து பெட்டியின் முன்னால் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து, "ஃபேன் சத்தத்தைச் சொல்றியா?" என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா எக்கோவைப் பார்த்தாள். எக்கோ ஒருமுறைகூட எதுவும் சொல்லவில்லை.

"நீ என்ன சொல்ற?" என்று அவர் அவளைக் கேட்டார். இத்தனை வருடத்தில் வாசிப்புச் சம்பந்தமாக அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் வாயைத் திறந்தாள். அந்த வெளிச்சம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்றாள்.

எக்கோ பணத்தை வாங்கி எண்ணாமல் மேசைக்குள் போட்டார். "வித்தா வித்ததுதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "வித்ததுதான்."

திரும்பும்போது தம்பி சாலையிலேயே கண்ணை வைத்து வேனை ஓட்டினான். அவர் மட்டும் பின்னால் திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அவளுக்குப் பிற்பகல் வேலை. காலையில் அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிடார்க் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். கொதித்தால் மூக்கில் விசில் அடிக்கும் கெட்டில் அது. வழக்கமாக முதல் மூச்சிலேயே இறக்கிவிடுவாள். அன்று இறக்கவில்லை.

விசில் மெல்ல எழுந்தது. ஏறியது. கூச்சலானது. மேல்மாடியில் யாரோ தரையைத் தட்டினார்கள். அவர் இரண்டாவது கம்பியை முடித்துவிட்டு மூன்றாவதுக்குப் போனார். துணியை மடித்தார். ஏதோ ஒரு மெட்டைத் தொண்டைக்குள் முனகினார், சுருதி துளிகூடப் பிசகாமல்.

அவள் அடுப்பை அணைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தத்தின் அடி, அதன் கனத்த பாகம், அவருக்குக் கேட்கிறது; நுனி, உச்சியில் கீச்சிடும் பாகம், கேட்பதில்லை. கிடாரின் சுருதியெல்லாம் அடியில் இருக்கிறது. அதனால்தான் கம்பிக்குச் சுருதி சேர்க்கும்போது அவர் தவறவேயில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் குரல் மெலிந்த குரல். சமையலறையிலிருந்து அவள் கேட்ட கேள்விகளெல்லாம், படியிறங்கும்போது சொன்னவையெல்லாம் எங்கே போயின? அவர் வேண்டுமென்றே பதில் சொல்வதில்லை என்றுதான் இத்தனை காலம் இருந்தாள். ஒருமுறை தட்டைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கிறாள். அம்மா செத்த செய்தியை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லி, அவர் திரும்பாததைப் பார்த்து, தனியாகவே கிளம்பிப் போயிருக்கிறாள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதையே விட்டாள். அந்த வீட்டின் மௌனத்தைத் தானும் சேர்ந்து கட்டியதாக இப்போது தெரிந்தது. இடித்துத் தள்ள நினைத்தாலும் எந்தக் கல்லிலிருந்து தொடங்குவது?

படிக்கட்டில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள்.

"எனக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சுக்கா" என்றான். "அன்னிக்கு வீட்டுல விரல் சத்தம் வரலைன்னு வாசிச்சுக் காட்டினாரே, அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. கிறீச்சு கிறீச்சுன்னு வருது, வரலைங்கறாரு. சொல்லிடு. காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவோம். சின்னதா ஒரு மெஷின் வச்சா ஓரளவுக்குக் கேக்கும்."

"அது என்ன விலை?"

சொன்னான். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டியைத் திருப்பிக் குடுத்தா?"

"கேட்டேன். ராத்திரியே போன் பண்ணிக் கேட்டேன். எக்கோ மாட்டேன்னுட்டாரு. ரெண்டு தடவை."

"நாளைக்கு அவர் வாசிக்கணும்டா. இன்னிக்குச் சொன்னா கை நடுங்கும்."

"சொல்லலைன்னா சாப்பிட வந்தவன் கை நடுங்கும்க்கா. சூப் சட்டையில கொட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. போனை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். உருளையின் முன்னால் நின்றபோது பக்கத்திலிருந்தவள் 'என்ன?' என்று புருவத்தால் கேட்டாள். அதற்குக் கையில் வார்த்தை இல்லை.

மறுநாள் உணவகத்துக்குத் தானும் வருகிறேன் என்று அவள் சொன்னதும் அவர் ஆச்சரியப்பட்டார். ஆனால் சந்தோஷம்தான். "பஞ்சுக்காரி, நீயா? பஞ்சு எடுத்துக்கிட்டியா?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். பெட்டியைத் தம்பி வேனிலிருந்து தூக்கி வந்து ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு, மாமாவின் கண்ணைப் பார்க்காமல் போனான். வெளியே காற்று பலமாக இருந்தது. ஆறு கறுத்துச் சுருக்கம் விழுந்து கிடந்தது. கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது.

அவள் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், பணியாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னால் யாரோ ஒரு கிண்ணம் சூப் வைத்தார்கள். மேனேஜர் சின்ன வயசுக்காரன். மரியாதையான முகம். கையில் எப்போதும் போன். கல்லாவில் சாய்ந்து நின்றான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ட்ரெபிளைத் தனக்கு வேண்டிய இடத்துக்குத் திருகிவிட்டு, தொடங்கினார்.

முதல் பாட்டிலேயே கரண்டிகள் நின்றன. சன்னலோரம் ஒரு பெண் பேச்சை நிறுத்திவிட்டு நெற்றியைப் பிடித்தாள். ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அதன் அப்பா கையை விலக்கிவிட்டு, பிறகு அவரே முகத்தைச் சுளித்தார். தனியாக உட்கார்ந்திருந்த முதியவர் காதிலிருந்த சிறு கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினார். வாசிப்பில் ஒரு பிழையும் இல்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. அத்தனை அழகாக வாசித்த ஒவ்வொன்றும் ஊசியாகப் போய் மனிதர்களைக் குத்தியது. அவரோ கண்ணை மூடிப் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது அவளைப் பார்த்தார். அவள் கை தன்னால் மேலெழுந்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கியது. 'குறை.' மறுபடி அமுக்கினாள். 'குறை, குறை.' அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. தட்டிக்கொடுக்கிறாள் என்று நினைத்துத் தலையசைத்தார்.

பாட்டு முடிந்து அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் அவள் ஒயரைச் சரிசெய்பவள் போல எழுந்து போனாள். குமிழைப் பாதிக்கும் கீழே திருகிவிட்டு வந்தாள். அடுத்த பாட்டில் அறை இளகியது. கரண்டிகள் மறுபடி அசைந்தன. குழந்தை கையை எடுத்தது. அவர் நெற்றி மட்டும் சுருங்கியது. விரல்களைப் பார்த்தார். ஒயரை அசைத்துப் பார்த்தார். வாசிப்பின் நடுவே கம்பியைத் தொடாத ஒரு தாள இடைவெளியில் கையைப் பின்னால் விட்டுக் குமிழை மேலே ஏற்றினார்.

சன்னலோரப் பெண் பணியாளரை அழைத்து ஏதோ சொன்னாள். மேனேஜர் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். போனைத் திறந்தான். சொந்தப் பெட்டி வைத்திருக்கும் அந்த இன்னொருவனின் எண்ணைத்தான் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்தாள். இந்த முறை மறைக்கவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து, அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்க்கப் பார்க்கக் குமிழைக் கீழே திருகினாள். திருகிவிட்டுக் கையை எடுக்கவில்லை.

பாட்டின் நடுவில் அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. விரல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. கண்கள் அவள் கையிலேயே இருந்தன. முதலில் கோபம். பிறகு அவர் பார்வை அவள் கையைத் தாண்டி மேசைகளுக்குப் போனது. நெற்றியிலிருந்து கையை எடுத்த பெண். எட்டிப் பார்க்கும் குழந்தை. மெல்லத் தலையாட்டும் ஒருவர். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். அவள் தன் விரல்களுக்குக் கீழே பெட்டி அதிர்வதை உணர்ந்தபடி நின்றாள். முடியும்வரை நின்றாள்.

யாரோ கை தட்டினார்கள். மேனேஜர் வந்தான்.

"இதுதான் சார். இப்படியே வச்சுக்குங்க. முதல்ல கொஞ்சம் பயந்துட்டேன், சொந்தப் பொட்டி வச்சிருக்கிற அவருக்குப் போன் போடவே எடுத்துட்டேன்."

"இப்ப நல்லா இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"பிரமாதம் சார். தெளிவா இருக்கு."

"தெளிவா" என்றார் அவர்.

மேனேஜர் போன பிறகு கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

அவள் குனிந்து அவர் காதருகில், குரலைத் தாழ்த்தி, அடித்தொண்டையில் சொன்னாள். "கடையில சந்தேகம். நேத்துதான் தெரிஞ்சுது."

"எனக்கு இப்படி எவ்வளவு நாளா?"

"தெரியலை."

அவர் அடுத்த பாட்டைத் தொடங்கினார். மிச்ச நேரம் முழுவதும் கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே வாசித்தார். அவள் முகம் கொஞ்சம் வாடினாலும் அவர் கை தயங்கியது. சூப் ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. எடுத்துக் குடித்தால் அவர் அதற்கும் ஏதாவது அர்த்தம் எடுத்துக்கொள்வார் என்று தொடாமலே இருந்தாள்.

அடுத்த நாள் சலவைக்கூடத்திலிருந்து ஒரு சின்னச் சீசாவில் மை கொண்டு வந்தாள். விரிப்புகளின் மூலையில் குறி போடும் மை. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ட்ரெபிள் குமிழ் நிற்க வேண்டிய இடத்துக்கு நேராகப் பெட்டியில் ஒரு புள்ளி வைத்தாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். அதன் பிறகு தினமும் புள்ளிக்கு நேராகத் திருகிவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். மாத முடிவில் சம்பளம் வந்தது. மேனேஜர் இன்னும் மரியாதையாக நடந்துகொண்டான். பஞ்சுக்காரி என்று அவர் அழைப்பது மட்டும் நின்றுபோயிற்று.

மழைக்காலம் முற்றிய ஒரு பிற்பகலில் அவள் வேலை முடிந்து நனைந்து வந்தாள். அவர் தரையில் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிடார் உறைக்குள் இருந்தது. அறை முழுவதும் அந்த இரைச்சல்.

அவள் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான்.

"அணைக்காம வச்சிருக்கீங்க."

"இப்ப இரையுதா?"

"இரையுது."

"எப்படி இருக்கும்?"

அவள் யோசித்தாள். சத்தத்தை யாருக்கும் அவள் விளக்கியதில்லை. "வேலை முடிஞ்சதும் எங்க உருளையில மிச்ச ஆவியைத் திறந்துவிடுவாங்க. அந்த மாதிரி." சற்றுப் பொறுத்து, "இல்ல. அது பெருசு. இது தூரத்துல மழை பெய்யற மாதிரி. தகரத்து மேல இல்ல. மண்ணு மேல" என்றாள்.

அவர் பெட்டியின் வலைமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார். சன்னலுக்கு வெளியே நிஜ மழை கண்ணாடியில் வழிந்தது.

"நான் வாசிக்கிறப்ப, விரல் உரசற சத்தம் வருதா?"

அவள் நனைந்த கூந்தலைப் பிழிந்தாள்.

"சொல்லு."

"வருது."

"எப்பவுமா?"

"எப்பவும் வருது. முன்னைவிட அதிகமா வருது."

அவர் தலையை ஆட்டினார். இடது கை விரல் நுனிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். காய்த்துப்போன நுனிகள்.

"அது நின்னப்ப எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா" என்றார். "ஒருநாள் வாசிச்சுக்கிட்டே இருக்கேன், கிறீச்சுங்கற சத்தமே இல்ல. கை சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சேன். கடைசியில இப்பத்தான் எனக்கு வாசிக்க வருதுன்னு நினைச்சேன்."

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் உடைந்துவிடுவார் என்று தோன்றியது. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் நாற்றம் மழையில் அடங்கியிருந்தது. கீழே வேனின் ஹாரன் அடித்தது. தம்பி வந்துவிட்டான். அவள் காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்தது, அது அடிக்குரல் ஹாரன்.

அவர் முட்டியில் கையூன்றி எழுந்தார். பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுக் குமிழைத் தடவி, புள்ளிக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு சுவிட்சைத் தட்டினார். பச்சை விளக்கு அணைந்தது. ஆனாலும் நிமிராமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னுச்சா?"

"நின்னுடுச்சு" என்றாள்.